பழைய பத்மினி வாங்கப் போகிறவர்களுக்கு: முதலில் பேப்பர், அப்புறம் பாடி, கடைசியில்தான் இன்ஜின்

சின்ன வயதில் பின் சீட்டில் உட்கார்ந்து போன காரை ஐம்பது வயதில் சொந்தமாக வாங்க ஆசைப்படுவது நல்ல ஆசை. அது இன்றும் நடக்கக்கூடிய காரியம். தேடி எடுத்து, பதிவைப் புதுப்பித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு ஓட்டிப் போகலாம். ஆனால் ஷோரூமில் கார் வாங்கிய பழக்கத்தோடு போனால் தவறான வண்டியில் மாட்டிக்கொள்ள நேரும். ஷோரூமில் நாம் பார்ப்பது நிறம், சீட், இன்ஜின் சத்தம். பழைய காரில் இந்த மூன்றும் சரிசெய்துகொள்ளக்கூடியவை. சரிசெய்ய முடியாதவை, அல்லது சரிசெய்ய வாங்கிய விலையைவிட அதிகம் கேட்பவை, வேறு இடத்தில் ஒளிந்திருக்கும்.

நம் ஊரில் ‘ஃபியட் கார்’ என்று சொல்லி வளர்ந்த பிரீமியர் பத்மினியை வைத்தே இதை எழுதுகிறேன். வேறு கார் தேடுபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த ஃபியட்?

மும்பை குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை, இத்தாலியின் ஃபியட் 1100 காரை 1950களிலிருந்து தயாரித்தது. 50களின் வண்டிகளில் முன் கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். 1964 வாக்கில் வந்த 1100 டிலைட்தான் நாம் எல்லோரும் அறிந்த வடிவம். எழுபதுகளின் முதல் பாதியில் கொஞ்ச நாள் பிரசிடென்ட் என்ற பெயரில் வந்து, அப்புறம் பத்மினி ஆனது. 2000 வாக்கில் உற்பத்தி நின்றது. இவ்வளவு காலமும் அடிப்படை ஒன்றுதான்: 1089 சி.சி. பெட்ரோல் இன்ஜின், ஸ்டியரிங்கை ஒட்டிய நாலு கியர் (நம் ஊரில் ‘ஹேண்ட் கியர்’), பின் சக்கர இழுவை, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்.

முதல்முறை வாங்குபவர்களுக்கு நான் சொல்வது 80களின் பிற்பகுதி, 90களின் பெட்ரோல் வண்டி. உதிரிப்பாகம் எளிதாகக் கிடைக்கும், அதைக் கைவைத்துப் பழகிய மெக்கானிக்குகளும் இன்னும் இருக்கிறார்கள். 60களின் டிலைட் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன் கிரில், டெயில் லாம்ப் கண்ணாடி, குரோம் பட்டைகளைத் தேடி அலைவதே தனி வேலை. அது இரண்டாவது காராக இருக்கட்டும்.

விளம்பரங்களில் 137டி என்று பார்த்தால் அது டீசல் மாடல். எஸ்1 என்றால் கடைசிக் காலத்தில் வந்த ஃப்ளோர் கியர் வண்டி. 118என்இ என்பது முற்றிலும் வேறு கார்; ஃபியட் 124-இன் உடம்பும் நிஸான் இன்ஜினும் கொண்டது. ‘பத்மினி 118’ என்று யாராவது விற்றால் பெயரை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஹேண்ட் கியர்தான் உங்கள் ஞாபகம் என்றால் ஃப்ளோர் கியர் வண்டி உங்களுக்கு நிறைவு தராது.

பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

கையில் இருக்கும் மொத்தத் தொகையில் பாதிக்குத்தான் வண்டி பார்க்க வேண்டும். மறு பாதி வேலைக்கு. ‘ரெடி டு டிரைவ்’ என்று விற்கும் வண்டிக்கும் இதுதான் கணக்கு. டயர், பேட்டரி, பிரேக், வயரிங், ரப்பர் பீடிங், பதிவுக் கட்டணம் எல்லாம் அந்தப் பாதியில் வரும். மொத்தத்தையும் விலைக்கே கொடுத்தவர்களின் வண்டிகள்தான் ஆண்டுக்கணக்கில் ஒர்க்‌ஷாப் ஓரத்தில் தார்ப்பாய்க்கடியில் நிற்கின்றன.

எங்கே தேடுவது

ஓ.எல்.எக்ஸ்., ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் தினம் பாருங்கள், ஆனால் விலை நிலவரம் புரிந்துகொள்ள மட்டும். நல்ல வண்டி பெரும்பாலும் அங்கே வருவதற்கு முன்பே கை மாறிவிடும். அந்தச் செய்தி முதலில் போகும் இடம் ஃபியட் பழகிய வயதான மெக்கானிக். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரைத் தேடிப் போய் உட்கார்ந்து பேசுங்கள். எந்த வீட்டில் எந்த வண்டி நிற்கிறது, அதை யார் ஓட்டினார்கள், கடைசியாக எப்போது இன்ஜின் இறக்கினார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வாங்கிய பிறகு உங்கள் வண்டிக்கும் அவர்தான் வேண்டும். ஆகவே காருக்கு முன்னால் மெக்கானிக்கைத் தேடுங்கள் என்பேன்.

ஊரும் முக்கியம். கோவை, பொள்ளாச்சி, ஈரோடு பக்கம் இருந்த வண்டியின் தகடு பொதுவாகத் தப்பித்திருக்கும். சென்னைக் கடற்கரைப் பகுதி, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் பெயிண்ட் பளபளக்கும்போதே அடியில் தின்றிருக்கும். ஊட்டி, கொடைக்கானல் ஈரமும் அப்படியே. வண்டி இப்போது நிற்கும் ஊரைவிட, அது வாழ்ந்த ஊரைக் கேளுங்கள்.

பார்க்கப் போகும் முன் ஒரிஜினல் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது. கோவையில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. பழைய கார் என்றால் எந்த அளவுக்கு முழுமையாக இருக்க வேண்டும் என்பது அங்கே ஒரு நாள் சுற்றினால் புரியும். சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்று இரண்டு அமைப்புகள் உண்டு. அவர்கள் நடத்தும் கண்காட்சிகளுக்குப் போய் உரிமையாளர்களிடம் பேசுங்கள். தன் வண்டியைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்லித் தருவார்கள்.

பேப்பர்: இங்கே அவசரப்படவே கூடாது

வண்டியைப் பார்க்கப் போகும் முன் போனிலேயே பதிவுச் சான்றான ஆர்.சி.யின் படம் கேளுங்கள். தயங்கினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். படம் வந்ததும் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 1989-இல் இப்போதைய எண் வரிசை வருவதற்கு முன்பு பதிவான எம்.டி., எம்.எஸ்., டி.எம். எண்கள் சில கணினியில் ஏறியே இருக்காது. அதனால் வண்டி கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் பழைய தாள் ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுபோய் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவேற்றம் செய்த பிறகுதான் மற்ற எதுவும் நடக்கும். அதை விற்பவரே முடித்துக் கொடுக்கட்டும்.

அடுத்து, பதிவு உயிரோடு இருக்கிறதா? சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அப்புறம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த காருக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 10,000 ரூபாயாக்கியது. இதைத் தவிர மாநிலத்தின் பசுமை வரி. கடைசியாகப் புதுப்பித்து எத்தனையோ ஆண்டு ஆகிவிட்டது என்றால் தாமதக் கட்டணமும் சேரும்; மத்திய விதியில் அது காருக்கு மாதம் 500 ரூபாய். பத்து ஆண்டு விட்டிருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். இந்த மொத்தமும் எவ்வளவு என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

20 ஆண்டு ஆனால் காரை உடைத்தே ஆக வேண்டும் என்று பலர் பயமுறுத்துவார்கள். தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி இல்லை. எஃப்.சி.யில் தேறினால் புதுப்பிக்கலாம். தில்லி வண்டிகளின் கதை வேறு. அங்கே 10 ஆண்டு கடந்த டீசலுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோலுக்கும் வந்த தடையால் பழைய வண்டிகள் மலிவாகத் தெற்கே வந்தன. வெளிமாநில வண்டி எதுவானாலும் அந்த மாநில ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) கையில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இங்கே மறுபதிவு, வரி என்று தனிச் செலவும் உண்டு. பதிவு ரத்தான வண்டி என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஆர்.சி.யில் இருக்கும் பெயர் யாருடையது? விற்பவர் பெயர் இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். பழைய கார் சந்தையில் இது சாதாரணம்: முதல் உரிமையாளரிடம் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலேயே மூன்று நான்கு கை மாறியிருக்கும். கையெழுத்துப் போட்டவர் காலமாகியிருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. வாரிசுகள் முன்வந்து, வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து, முதலில் தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பிறகே உங்களுக்கு. பெரியவர் இறந்து, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டு வண்டிகள்தான் நல்ல நிலையில் அதிகம் கிடைக்கின்றன. அதனால் இந்த வேலைக்குச் சில மாதம் ஆனாலும் காத்திருப்பது தகும். எல்லா வாரிசுகளுக்கும் விற்பனை தெரியுமா என்பதையும் நேரடியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வண்டிக்குப் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய ஒன்று: சேஸிஸ் எண்ணின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். இன்ஜின் எண்ணையும் அப்படியே. இரண்டையும் ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். நாற்பது ஆண்டில் இன்ஜின் பிளாக் மாறியிருப்பது சகஜம். ஆனால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் டீசல் இன்ஜின் வைத்தது, கேஸ் கிட் பொருத்தியது இரண்டுக்கும் இதே கேள்வி. ஏறவில்லையென்றால் எஃப்.சி.யில் நிற்கும். சேஸிஸ் எண்ணில் வெல்டிங் தடமோ, எழுத்து வரிசையில் கோணலோ தெரிந்தால் பேச்சே வேண்டாம்.

50 ஆண்டு கடந்த, மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2021-இல் விண்டேஜ் பதிவு என்று தனி விதி வந்தது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஓட்டி மகிழ வாங்குகிறீர்கள் என்றால் சாதாரணப் பதிவிலேயே வைத்திருங்கள்.

பாடி: வண்டியின் உயிர் இதில்தான்

லாரிக்கு இருப்பதுபோல் பத்மினிக்குத் தனி சேஸிஸ் ஃபிரேம் கிடையாது. தகட்டுக் கூடே வண்டியைத் தாங்குகிறது. ஆகவே துரு என்பது இங்கே அழகுப் பிரச்சினை இல்லை, பலத்தின் பிரச்சினை. இன்ஜினைப் பிரித்துப் போட்டு மாதக் கணக்கில் கட்டியெடுக்கலாம். அரித்துப்போன கூட்டைச் சரியாகக் கட்டத் தெரிந்த டிங்கர் இன்று அரிது. கிடைத்தாலும் அவர் கேட்கும் கூலி நியாயமாகவே பெரிதாக இருக்கும்.

பகல் வெளிச்சத்தில் போங்கள். பழைய உடை, டார்ச், துணி சுற்றிய சின்னக் காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். கதவின் கீழ் ஓரம், மட்கார்டு வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றிய பகுதி, டிக்கி மூடியின் அடி ஓரம் எல்லா இடத்திலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டிதான் இருக்கிறது. ஓரிரண்டு இடத்தில் மெல்லிய பட்டி இருப்பது இயல்பு. உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டாமல் இருந்தால் அந்தப் பெயிண்டை மறந்துவிட்டு வண்டியை மதிப்பிடுங்கள்.

அப்புறம் உள்ளே. மிதியடிகளையும் கார்ப்பெட்டையும் தூக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் கால் வைக்கும் இடம், முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கும் மூலைகள், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று கேட்கும், தின்ற தகடு மொத்தென்று கேட்கும். அடியில் படுத்து இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள்: கதவுகளுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதி, பின்பக்க லீஃப் ஸ்பிரிங் உடம்போடு சேரும் இடம். இவை இரண்டும் உறுதியாக இருந்தால் மற்றதைப் பேசிக்கொள்ளலாம். ஸ்பிரிங் மவுண்டில் ஒட்டுத்தகடு மேல் ஒட்டுத்தகடு வைத்திருந்தால் வேண்டாம். புதிதாகத் தார் பூசிய அடிப்பகுதியும் எனக்குச் சந்தேகம் தரும்; எதையோ மூடத்தான் பெரும்பாலும் பூசுகிறார்கள்.

நான்கு கதவுகளையும் தூக்காமல் சாத்திப் பாருங்கள். தானாகப் பொருந்தி ‘டக்’ என்று மூடினால் கூடு நேராக இருக்கிறது. ஒரு கதவு மட்டும் மேலே தூக்கினால்தான் மூடுகிறது என்றால் கீல் தேய்ந்திருக்கலாம். எல்லாமே அப்படியென்றால் கூடு தொய்ந்திருக்கிறது.

பாகங்கள் முழுதாக இருக்கிறதா என்று எண்ணுவதும் பாடியின் வேலைதான். கிரில், எழுத்து மோனோகிராம்கள், வீல் கப், லாம்ப் கண்ணாடிகள், ஜன்னல் சுற்றும் கைப்பிடிகள், மீட்டர், ஒரிஜினல் ஸ்டியரிங். மும்பையில் கறுப்பு-மஞ்சள் டாக்ஸிகளாக 2023 அக்டோபர் வரை பத்மினி ஓடியதால் இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் சாமான்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அலங்கார சாமான்கள் அப்படியில்லை. சென்னையில் புதுப்பேட்டையில் பழையதும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதியதும் தேடலாம். பொறுமை இருந்தால் கிடைக்கும், ஆனால் தேடும் நேரத்துக்கும் விலை உண்டு.

இன்ஜினும் ஓட்டமும்

போகும் முன்பே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. பானெட்டைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால்தான் சோதனை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பால் கலந்தாற்போல் இருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்சம் வெள்ளைப் புகை ஈரம்தான், நிற்க வேண்டும். சூடான பிறகும் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங், போர் வேலை காத்திருக்கிறது. கறுப்பு என்றால் கார்புரேட்டரைச் சரிசெய்ய வேண்டும். இவை எதுவுமே வண்டியை வேண்டாம் என்று சொல்லக் காரணம் இல்லை. விலை குறைக்கக் காரணம்.

அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். ஹேண்ட் கியரில் எல்லாக் கியரும் விழுகிறதா, இரண்டாவது கியரில் போய் ஆக்ஸிலரேட்டரை விட்டால் கியர் கழன்று விழுகிறதா என்று பாருங்கள். கியர் கம்பி தொளதொளவென்று ஆடுவது பெரும்பாலும் இணைப்புப் புஷ் தேய்வு, சின்ன வேலை. கழன்று விழுவது கியர்பாக்ஸ் வேலை. காலி ரோட்டில் மெதுவாகப் போய் பிரேக்கை அழுத்துங்கள். ஒரு பக்கம் இழுத்தால் சக்கர சிலிண்டர் கசிவு இருக்கலாம். பவர் ஸ்டியரிங், டிஸ்க் பிரேக் பழகியவர்களுக்கு முதலில் இது திகைப்பாக இருக்கும். முன் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி இரண்டு மடங்கு வேண்டும். திரும்பி வந்ததும் ஜாக்கி போட்டு முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின், பேரிங் செலவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பானெட்டுக்கடியில் டேப் சுற்றிய ஒயர் ஒட்டுகள் எத்தனை இருக்கின்றன? நிறைய இருந்தால் முழு வயரிங்கையும் மாற்றத் தொகை ஒதுக்குங்கள். பழைய கார் தீப்பிடிப்பது பெரும்பாலும் இங்கிருந்தும் வெடித்த பெட்ரோல் குழாயிலிருந்தும்தான்.

விலை பேசி முடிப்பது

பார்த்த அன்றே முடிக்க வேண்டாம். மெக்கானிக்கோடு இன்னொரு முறை போங்கள். குறைகளை ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் செலவு போட்டு, மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். பல வீடுகளில் அது அப்பாவின் கார், தாத்தாவின் கார். மட்டம் தட்டிப் பேசினால் மனம் கசந்து, விற்கவே மாட்டோம் என்று சொல்லிவிடுவார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று நம்பிக்கை வந்தால் குறைத்துத் தருபவர்களையும் பார்த்திருக்கிறேன். முன்பணத்துக்கு ரசீது, மீதியை வங்கி வழியாக, பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள் விண்ணப்பம். உங்கள் பெயரில் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது வண்டியின் மதிப்பை நிறுவனத்தோடு பேசியே முடிவு செய்ய வேண்டியிருக்கும். படங்களும் வேலை செய்த பில்களும் வைத்திருந்தால் நியாயமான மதிப்பு கேட்கலாம்.

கொண்டு வந்த பிறகு

நாட்பட நின்ற வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். ஏற்றிக்கொண்டு வாருங்கள். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. கோடு தேயாமல் இருந்தாலும் அப்படிப்பட்ட டயரை மாற்றிவிடுங்கள். டாங்க்கில் இருக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, பிரேக் ஃப்ளூயிட், ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், இன்ஜின் ஆயில் எல்லாம் புதிதாகப் போடுங்கள். இந்த இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயில்தான் பொருத்தம், நவீன மெல்லிய ஆயில் வேண்டாம்.

இப்போது பம்ப்பில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பத்மினி காலத்து ரப்பர் அதற்குத் தயாரானது இல்லை. பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கட்டுகளையும் பார்த்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டாங்க்கில் வாரக்கணக்கில் பெட்ரோல் தேங்க விடக்கூடாது. வாரம் ஒருமுறை, இன்ஜின் நன்றாகச் சூடாகும் அளவுக்கு, குறைந்தது 15 கிலோமீட்டராவது ஓட்டிவிடுங்கள். முதல் மாதம் முழுக்க ஊருக்குள்ளேயே, உங்கள் மெக்கானிக் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே ஓட்டுங்கள். கசிவு, சத்தம், சூடு எல்லாம் அந்த மாதத்தில்தான் வெளியே வரும். அவற்றை ஒவ்வொன்றாக முடித்த பிறகு பக்கத்து ஊருக்குப் போகலாம்.

அம்பாசடர் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசுத் துறை ஏலத்தில் வந்த வண்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் முதல் தொடர்வதில்லை. அதற்கு முன்பே தனியார் பெயருக்கு முறையாக மாறியதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். சென்னை வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் ஃபிரேம் உண்டு, ஆகவே பாடி வேலை கொஞ்சம் எளிது, ஆனால் 70களின் தொடக்கத்திலேயே நின்றுபோனதால் சாமான் கிடைப்பது கடினம். மாருதி 800 என்றால் 1983 டிசம்பரில் தொடங்கி 1986 வரை வந்த முதல் வடிவத்தைத்தான் பலரும் விரும்புகிறார்கள். அதன் 796 சி.சி. இன்ஜின் குடும்பம் பின்னாளில் வந்த 800-லும் ஆம்னியிலும் தொடர்ந்ததால் இன்ஜின் சாமானுக்குக் கவலையில்லை. அதன் தகடு மெல்லியது. காந்தத்தை இன்னும் நிதானமாக நகர்த்துங்கள்.